மச்சான் போட்ட மோதிரங்கள்

1

இங்கே மலாயாவில், ஈப்போவில் இன்றைக்கும் மழை. அங்கே ஊரில் நீங்கள் அதற்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வழி மட்டும் இருந்தால் கறம்பக்குடிக்கு ஒரு மூட்டை, ஆவுடையார்கோவிலுக்கு ஒரு மூட்டை என்று மழையைக் கட்டிக் கப்பலில் ஏற்றியிருப்பேன். அது முடியாததால் கதையை அனுப்புகிறேன்.

என் மகள் செல்வியின் கல்யாணம் போன மாதம் நல்லபடியாக முடிந்தது. 'நல்லபடியாக' என்ற சொல்லை இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அன்றைக்கு மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொல் எனக்கும் என் மனைவி வள்ளிக்கும் எட்டாத உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரு மோதிரத்தால்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் குறிப்புகளை இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். தாலி கட்டும் முன்பு பெண்ணின் அண்ணனோ தம்பியோ மணவறைக்கு வந்து மாப்பிள்ளையின் வலது கை மோதிர விரலில் ஒரு மோதிரம் போடுவார். அதற்கு மச்சான் மோதிரம் என்று பெயர். கல் வைத்ததா, வெற்று வளையமா, எவ்வளவு கனம் என்பதெல்லாம் அந்த நிமிஷம் வரை மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது. முன்னாலேயே விசாரித்தால், "பொண்ணுக்கு வந்தானா, பொன்னுக்கு வந்தானா?" என்று பெண் வீட்டுச் சமையற்கட்டிலிருந்து குரல் வரும். அதனால் மாப்பிள்ளை கேட்க மாட்டார், பெண் வீட்டாரும் காட்ட மாட்டார்கள். விரலின் அளவை மட்டும் எங்கேயாவது எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த 'எப்படியாவது'வில்தான் எங்கள் குடும்பத்துச் சரித்திரமே அடங்கியிருக்கிறது.

2

செல்விக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஒரே பெண். பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியைக்குப் படித்தவள். அங்கேதான் குணசேகரனைப் பார்த்திருக்கிறாள். அவரும் ஆசிரியர், மூன்று தலைமுறையாக மலாயாக்காரர். பையன் தங்கம். சம்பந்தி வீட்டாரும் நல்ல மனிதர்கள், கொஞ்சம் அதிகமாகவே கவனிக்கிறவர்கள், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை செல்வி வந்து, "அப்பா, நானும் குணாவும் மோதிரம் பார்க்கப் போறோம், நீங்களும் வாங்க" என்றாள்.

"யாருக்கு மோதிரம்?"

"எங்க ரெண்டு பேருக்கும்தான்."

"கல்யாணப் பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கடைக்குப் போறதா?"

"அதுக்குத்தானேப்பா ஒங்களையும் கூப்பிடுறேன். துணைக்கு வாங்கலா."

இந்த 'லா' இங்கே எல்லோருடைய வாக்கியத்தின் வாலிலும் தொங்கும். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று வித்தியாசமே கிடையாது. என் மகளுக்கு வால் கொஞ்சம் நீளம்.

போனோம். கடைக்காரர் ஒரு சீனத் தவுக்கே. கடை முதலாளி யாராக இருந்தாலும் இங்கே தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். சாவிக் கொத்து மாதிரி ஒரு கொத்து இரும்பு வளையங்களை எடுத்து, குணசேகரன் விரலில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். ஒன்று சிக்கென்று நின்றது. அதில் செதுக்கியிருந்த எண்ணைப் படித்து மலாயில் சொன்னார்.

"பதினேழு நம்பர்ப்பா" என்றாள் செல்வி.

அவ்வளவுதான். மாப்பிள்ளையின் விரல் அளவு கிடைத்துவிட்டது. ஒளிவு மறைவு இல்லை, ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை. எனக்குக் கோவிலில் திரையை விலக்கிவிட்டு அலங்காரம் செய்வதைப் பார்த்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் தேர்ந்தெடுத்த அழகைச் சொல்ல வேண்டும். கல் பதித்தது, பூப் போட்டது, பாம்பு வளைந்தது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, வெறும் வளையமாக இரண்டு எடுத்தார்கள். "ஒரு கல்லாவது இருக்கட்டுமே" என்றேன். "சாக்பீஸ் பிடிக்கிறப்ப இடைஞ்சலா இருக்கும் மாமா" என்றார் குணசேகரன். பேச்சோடு விடவில்லை. தவுக்கேயிடம் பில் புத்தகத்தை வாங்கி, மோதிரத்தோடு நாலு வரி எழுதிப் பார்த்தார். செல்வியும் எழுதிப் பார்த்தாள். அவர் எழுதியதை அவள் படித்துச் சிரித்தாள், அவள் எழுதியதை அவர் படித்துச் சிரித்தார். தவுக்கேயும் படிக்கத் தெரியாமலே சிரித்தார். துணைக்குப் போன நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "இதை எந்தக் கையில போடுவீங்க?"

"இடது கையிலப்பா. இடது கை விரல்லதான் இதயத்துக்குப் போற நரம்பு இருக்காம்."

"அப்ப வலது கை நரம்பு எங்கே போகுது, வயித்துக்கா?"

"வலது கை காலியாத்தான் இருக்கும். காத்தமுத்து மாமாவுக்கு அதை விட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

பிள்ளைகள் தூரமாகப் போய்விட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் பார்த்து இப்படி ஏதாவது சொல்லிவிடுகிறார்கள்.

3

காத்தமுத்து என் மச்சான், வள்ளியின் அண்ணன். ஆவுடையார்கோவில் பக்கம் விவசாயம். செல்விக்கு அண்ணன் தம்பி இல்லாததால் மச்சான் மோதிரம் போடும் உரிமை தாய்மாமனான அவருக்கு. இதை நான் அவருக்கு எழுதும் முன்பே அவர் எனக்கு எழுதிவிட்டார். "மோதிரம் நான்தான் போடுவேன், கப்பலில் வருகிறேன், அளவு அனுப்பவும்."

'அளவு அனுப்பவும்' என்ற வார்த்தையைப் படித்ததும் வள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என் வலது கையைப் பார்த்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது.

எங்கள் கல்யாணம் நாற்பத்தெட்டில் நடந்தது. கறம்பக்குடிப் பக்கத்து நாங்கள் புதுக்கோட்டை சமஸ்தானம். பெண் வீட்டார் தஞ்சாவூர் ஜில்லா. அந்த வருஷம்தான் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தார்கள். "ராசாவே சேந்துட்டாரு, நம்ம ரெண்டு வீடும் சேர்றதுக்கு என்ன?" என்று சொல்லித்தான் எங்கள் சித்தப்பா பரிசம் பேசினார். அந்தக் காலத்துப் பரிசத்தில் மோதிரமெல்லாம் கிடையாது. வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றினால் முடிந்தது. மாப்பிள்ளையே வேண்டியதில்லை. நான் அப்போது மலாயாவில் இருந்தேன்.

மோதிரத்துக்கு அளவு வேண்டுமே. என்னிடம் கடிதம் எழுதிக் கேட்பது மரியாதை இல்லை. காத்தமுத்து மச்சான் யோசித்தார். எங்கள் வீட்டுக்குப் பெண் அழைப்பு பற்றிப் பேச வந்த மாதிரி வந்து, உழுதுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த என் அண்ணன் சுப்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா பண்றீங்க?" என்று அண்ணன் கையை இழுத்திருக்கிறார்.

"சும்மா இருங்க. ஒரே வயித்துல பொறந்த ஒடம்புதானே, விரல் மட்டும் வேறயாவா இருக்கப் போகுது?" என்று சொல்லி நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நியாயம்தான். நான் ஊரை விட்டுக் கிளம்பும்போது அண்ணனுக்கும் எனக்கும் ஒரே வாகு. ஆனால் இடையில் யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், மரவள்ளிக் கிழங்கு வந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, இரவு மத்தியானத்துக் கிழங்கு. சண்டை ஓய்ந்து நான் நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது, அழைத்துப்போக வந்த அண்ணன் என்னைத் தாண்டிப் போய் வேறு யாரிடமோ என்னைப் பற்றி விசாரித்தார்.

அப்படிப்பட்ட என் விரலுக்கு, மண்வெட்டி பிடித்துத் தடித்த என் அண்ணன் விரல் அளவில் ஒரு மோதிரம் தயாராக இருந்தது.

4

இந்த முறை அந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று வள்ளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தவுக்கே அளந்தது இடது கை. வலது கை விரலை அளக்கக் குணசேகரன் வீட்டுக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று மழை, ரப்பர் விலை, பள்ளிக்கூடம் என்று சுற்றி வந்தேன். அவரே சிரித்துக்கொண்டு வலது கையை நீட்டி, "நூல் கொண்டு வந்திருக்கீங்களா மாமா?" என்றார். செல்வி சொல்லி வைத்திருக்கிறாள்.

பருத்தி நூலை விரலில் சுற்றி, முடிச்சுப் போட்டு, வளையமாகவே கழற்றிக் கடிதத்தில் வைத்து அனுப்பினேன். எதற்கும் இருக்கட்டும் என்று தவுக்கே கடை எண்ணையும் எழுதினேன். பதில் வந்தது: "நூல் கிடைத்தது. பதினேழாம் நம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன அறந்தாங்கி பஸ்ஸா? நம்பருக்கு எல்லாம் நம்ம ஆசாரி மோதிரம் செய்ய மாட்டார். நூல் போதும்."

இதற்கிடையில் பதிவுக் கல்யாணம் ஒன்று நடந்தது. இங்கே அரசாங்க வேலையில் இருப்பவர்கள் அதைச் செய்து வைத்தால் பின்னால் தொந்தரவு இல்லை. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் பிள்ளைகள் 'யெஸ்' சொன்னார்கள். சாட்சியாக உட்கார்ந்திருந்த நானும் ஒரு இடத்தில் உற்சாகத்தில் 'யெஸ்' சொல்லிவிட்டேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். "அவரு அப்பா" என்று செல்வி அவசரமாக மலாயில் விளக்கினாள். பிறகு தவுக்கே கடை வளையங்கள் இரண்டும் பெட்டியிலிருந்து வந்தன, இரண்டு இடது கைகளில் ஏறின. எண் போட்ட மோதிரம், எண்ணெய் விட்ட கதவு மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஒரு விக்கல்கூட இல்லை.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்து யாரும் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எனக்கு அது என்னவோ போலிருந்தது.

5

கல்யாணத்துக்கு முதல் நாள்தான் மச்சானின் கப்பல் பினாங்குக்கு வந்தது. கடல் கோளாறு என்று தாமதம். நான் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுங்கச் சோதனை மேஜையில் அவருடைய முறை வந்தது. முறுக்கு டின், வடகம், ஊறுகாய் எல்லாம் திறந்து பார்த்தார்கள். கடைசியில் இடுப்பு மடியிலிருந்து ஒரு துணி முடிச்சு வெளியே வந்தது. உள்ளே மோதிரம்.

அதிகாரி மலாயில் ஏதோ கேட்டார். மச்சான் தமிழில் ஏதோ சொன்னார். அதிகாரி சைகையில், 'உன்னுடையதா? போட்டுக் காட்டு' என்றார். மச்சான் கும்பிட்டார். அதிகாரி விடவில்லை. மச்சான் மோதிரத்தைத் தன் சுண்டு விரலில் மாட்டிப் பார்த்தார். நகத்தைத் தாண்டி நகரவில்லை.

"எனக்கு இல்லைங்க! மாப்பிள்ளைக்கு! எங்க ஆத்தா செல்விய கட்டிக்கப் போறவருக்கு!" என்று துறைமுகமே கேட்கக் கத்தினார்.

அதிகாரி மோதிரத்தை வாங்கித் தன் சுண்டு விரலில் மாட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். மச்சானுக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளை விரலுக்கு முன்னால் வேறு விரல் படலாமா? வெளியே வந்து என்னைக் கட்டிப் பிடித்ததும் முதல் வார்த்தை, "நல்லா இருக்கீங்களா மாப்ளே? மஞ்சத்தூள் எங்கிட்டு கெடைக்கும்?" என்பதுதான். மோதிரத்தைக் கழுவ வேண்டுமாம்.

ஈப்போவுக்கு ரயிலில் வரும்போது பெருமையாகச் சொன்னார்: "இந்த வாட்டி எல்லாம் முறையாச் செஞ்சிருக்கேன் மாப்ளே. நூல் வந்துச்சா? வந்த அன்னைக்கே மஞ்சத்தண்ணில முக்கி எடுத்தேன். நல்ல காரியத்துக்கு உள்ள நூலு, வெறும் வெள்ளையா ஆசாரி கையில குடுக்கலாமா? வெயில்ல காய வச்சு, கோவில்ல சாமி காலடில வச்சு எடுத்துட்டுத்தான் குடுத்தேன்."

"நல்லா நனைச்சீங்களோ?" என்றேன்.

"ராத்திரி பூரா ஊறுச்சு."

ரயில் ஓடிக்கொண்டிருந்தது. என் மனம் நின்றுவிட்டது. பருத்தி நூல். நனைத்துக் காயவைத்த நூல். புது வேட்டியை முதல் தடவை துவைத்தால் என்ன ஆகும் என்று தெரியாதவன் உண்டா? எட்டு முழம் ஏழரையாக வரும். முடிச்சுப் போட்ட வளையம் மட்டும் மரியாதைக்காக அப்படியே இருக்குமா?

வீட்டுக்கு வந்ததும் வள்ளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்தாள்.

"மோதிரத்த வாங்கி அந்தத் தவுக்கே கடையில கொஞ்சம் விரிச்சுக்கிட்டு வந்துறலாமா?" என்றேன்.

"குடுப்பாரா? சுங்கத்துல ஒருத்தர் தொட்டதுக்கே ரெண்டு வாட்டி கழுவியிருக்காரு. மடியில கட்டிக்கிட்டுத்தான் திரியுறாரு."

"அப்ப சொல்லிருவோமா, அளவு சின்னதா இருக்கும்னு?"

"வேணாங்க" என்றாள். "நம்ம கல்யாணத்துல அளவு தப்பிப் போனது அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இதுக்காகக் கடல் தாண்டி வந்த மனுசன். சம்பந்தி வீட்டு ஆளுக முன்னாடி இந்த வயசுல அவரு தல குனியக் கூடாது. நாளைக்கு எப்படியாச்சும் அது ஏறணும். ஏறலைன்னா அது ஏறலைன்னு அவருக்குத் தெரியக் கூடாது."

இரண்டும் எப்படி நடக்கும் என்று அவள் சொல்லவில்லை.

6

'அவருக்குத் தெரியாது' என்று வள்ளி சொன்னது உண்மை. அதை மறைத்தது நான்தான் என்று அந்த நாள் வரை ஒரு கர்வமே எனக்கு இருந்தது.

எங்கள் கல்யாணத்தன்று பந்தலில் மச்சான் புது வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறையத் திருநீறுடன் வந்து என் விரலில் மோதிரத்தைப் போட்டார். குச்சியில் வளையல் மாட்டிய மாதிரி அது பாட்டுக்குப் போய் அடியில் உட்கார்ந்தது. கையைக் கொஞ்சம் சாய்த்தேன், நுனிக்கு வந்துவிட்டது.

"அளவு சரியா மாப்ளே?" என்றார் ஊருக்கே கேட்கும்படி.

அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல வரவில்லை. "அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு மச்சான்" என்றேன். அவர் திரும்பித் தன் பங்காளிகளைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்போது மடக்கிய விரலை நான் நிமிர்த்தவே இல்லை. மடக்கிய விரலோடு தாலி கட்டினேன். மடக்கிய விரலோடு பெரியவர்கள் காலில் விழுந்தேன். பெண் வீட்டு அம்மாள் ஒருத்தி, "மாப்பிள்ளை கைய முறுக்கிக்கிட்டே இருக்காரே, தாலி கட்ட வந்தாரா, சண்டைக்கு வந்தாரா?" என்று கேட்டுவிட்டாள்.

பிறகு குடத்தில் மோதிரம் எடுக்கும் விளையாட்டு. பித்தளைக் குடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு மோதிரத்தைப் போட்டு, மாப்பிள்ளை கையும் பெண் கையும் ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டும். யார் எடுக்கிறார்களோ அவர்கள் சொல்படிதான் வீடு நடக்கும் என்பார்கள். குடத்தின் வாய் குறுகல். இரண்டு கையும் நெருக்கிக்கொண்டுதான் போகும். அந்தக் காலத்தில் கல்யாணத்தன்று புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்தது அந்தத் தண்ணீருக்குள்ளேதான்.

வள்ளி கையை எடுத்தாள். திறந்தாள். உள்ளே இரண்டு மோதிரம். ஒன்று குடத்தில் போட்டது, ஒன்று என்னுடையது.

பந்தல் இடிந்துவிழும் அளவுக்குச் சிரிப்பு. "மாப்பிள்ளையவே கழட்டி எடுத்துட்டாடா!" என்று ஒரு குரல். மச்சான் எல்லோருக்கும் மேலே சிரித்தார். மோதிரம் பெரிதாக இருந்ததால் தண்ணீரில் நழுவிவிட்டது என்று யாருமே நினைக்கவில்லை. நான் மட்டும் நினைத்தேன். கடவுள் காப்பாற்றினார் என்றும் நினைத்தேன். மறுநாளே உள்பக்கம் பட்டு நூல் சுற்றிக்கொண்டேன்.

7

செல்வியின் கல்யாணத்தில் மச்சான் மணவறைக்கு வந்தார். அதே நடை, அதே திருநீறு, தலை மட்டும் வெளுத்திருந்தது. மடியை அவிழ்த்து மோதிரத்தை எடுத்தார். சிவப்புக் கல், சுற்றிலும் பூவேலை. நம்ம ஆசாரி வேலை அழகுதான், குறை சொல்ல முடியாது. சம்பந்தி வீட்டு வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டியது.

நகம் தாண்டியது. முதல் கணு தாண்டியது. நடுக் கணுவில் நின்றது.

மச்சான் ஒரு அழுத்து அழுத்தினார். குணசேகரன் கண் ஒரு தடவை விரிந்தது. மோதிரம் கணுவின் மேலே பாதி ஏறி, அங்கிட்டும் இல்லாமல் இங்கிட்டும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டது.

"அளவு சரியா மாப்ளே?" மச்சானின் குரல் இந்தத் தடவை கொஞ்சம் தேய்ந்திருந்தது.

குணசேகரன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை மெல்ல மூடிக்கொண்டு, "கச்சிதம் மாமா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மடக்கிய விரலை எனக்குத் தெரியும். மலாயாவில் பிறந்து, மலாயாவில் படித்து, எண் பார்த்து மோதிரம் வாங்கிய பிள்ளை. அவருக்கு இதை யார் சொன்னது?

தாலி கட்டி முடிந்தது. விரல் நுனி சிவந்து, பிறகு நாவல்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. செல்வியின் தோழி ஒருத்தி மருத்துவமனையில் நர்ஸ். வாழ்த்துச் சொல்ல வந்தவள் அதைப் பார்த்துவிட்டு வள்ளியின் காதில், "அம்மா, விரல் வீங்குது. கொஞ்ச நேரத்துல கழட்டலைன்னா மோதிரத்த வெட்டித்தான் எடுக்கணும்" என்றாள். கல்யாண மேடையில் மச்சான் மோதிரத்தை வெட்டுவதா? வள்ளி என் பக்கம் திரும்பவில்லை. நேராகப் போய்ச் செல்வியின் மாலையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து ஏதோ சொன்னாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி குடத்து வெளையாட்டு!" என்று செல்வியே அறிவித்தாள்.

மண்டபத்துக்காரர்கள் ஓர் அகன்ற பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுல மாடுதான் தண்ணி குடிக்கும்! வாய் குறுகலா இருக்கணும்யா. ரெண்டு கை முட்டணும். முட்டாட்டி என்ன வெளையாட்டு?" அடுத்த தெருவில் ஒருவர் வீட்டிலிருந்து பித்தளைக் குடம் வந்து சேரும் வரை நானும் வள்ளியும் குணசேகரன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சிரித்த முகமாக எல்லோருக்கும் இடது கையால் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வள்ளிதான் தண்ணீர் ஊற்றினாள். ஐஸ் பெட்டியில் சோடாப் பாட்டில்களுக்கு நடுவே கிடந்த குளிர்ந்த தண்ணீர். சந்தனக் கிண்ணத்தை எடுக்கப் போனவள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தில் விரல் நனைத்துச் செல்வியின் உள்ளங்கையில் தடவியதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

ஒரு மோதிரம் குடத்தில் விழுந்தது. இரண்டு கைகள் உள்ளே போயின. வெளியே ஒரே கூச்சல். "விடாதீங்க சார்!" என்று குணசேகரனின் மாணவர் கூட்டம். "ஆத்தா, விட்ராதே!" என்று மச்சான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. குணசேகரன் உதட்டைக் கடித்தார். செல்வி நாக்கைத் துருத்திக்கொண்டு, கணக்குப் போடுகிற பிள்ளை மாதிரி குடத்துக்குள்ளேயே பார்த்தாள். நெடுநேரம் போன மாதிரி இருந்தது. குடம் ஒரு தடவை கவிழப் போய் நிமிர்ந்தது.

கையை எடுத்தாள். திறந்தாள். இரண்டு மோதிரம்.

ஒரு நிமிஷம் மண்டபம் புரியாமல் நின்றது. செல்வி சிவப்புக் கல் மோதிரத்தை எடுத்துத் தன் வலது கை நடுவிரலில் போட்டுக்கொண்டாள். கொஞ்சமும் இடறாமல் போய் உட்கார்ந்தது.

"ஜெயிச்சவளுக்குத்தானே மாமா?" என்றாள்.

காத்தமுத்து மச்சான் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றினார். அறுபதை நெருங்கும் மனிதர் ஒரு குதி குதித்தார். "பாத்தீங்களா! பாத்தீங்களா! இவ ஆத்தாளும் இப்படித்தான் ரெண்டு எடுத்தா! எங்க வீட்டுப் பொண்ணுக எடுத்தா ரெண்டாத்தான் எடுப்பாளுக!" சம்பந்தி வீட்டு வரிசை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. சம்பந்தியம்மாள் ஓடிவந்து, இது என்ன வழக்கம், எங்களுக்கெல்லாம் தெரியாமல் போச்சே என்று மச்சானிடம் கேட்க, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு நாற்பத்தெட்டிலிருந்து ஆரம்பித்தார். குணசேகரன் தன் வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

8

பிள்ளைகளை அனுப்பி வைத்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். மச்சான் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். வள்ளி காலை நீட்டி உட்கார்ந்து, தலைப்பூவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"செல்வி காதில என்ன சொன்னே?" என்றேன்.

"தண்ணிக்குள்ள வச்சுக் கழட்டிருன்னு சொன்னேன்."

"ஒனக்கு எப்படி அந்த யோசனை வந்துச்சு?"

அவள் பூவைத் தட்டில் வைத்துவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம கல்யாணத்துல ஒங்க மோதிரம் தானாக் கழண்டுச்சுன்னா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"பின்னே?"

"குடத்துக்குள்ள கைய விட்டா எல்லா விரலும் தேடுது, ஒண்ணு மட்டும் மடங்கியே இருக்கு. என்னடான்னு தொட்டுப் பாத்தேன். மோதிரம் ஆடுச்சு. அடுத்தாப்ல பந்தி. எலையில கைய வச்சு ரசத்தப் பெசஞ்சீங்கன்னா, அது ரசத்துக்குள்ள போயிருக்கும். ஊரு முன்னாடி எங்கண்ணன் மொகம் என்ன ஆயிருக்கும்? குடத்துக்குள்ள கழண்டா வெளையாட்டுதானே? விரல நிமித்துனேன். கழட்டிட்டேன்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு சந்தோசமா இருந்தீங்க. அத ஏன் கெடுக்கணும்?"

என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பட்டு நூல் எப்போது அவிழ்ந்து போனது என்றே நினைவில்லை. இழுத்துப் பார்த்தேன். மோதிரம் அசையவில்லை. மறுபடி இழுத்தேன். கிழங்குக் காலம் போய், மலாயாச் சோறும் வள்ளியின் கைக் குழம்பும் சேர்ந்து என் விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக என் அண்ணன் விரலாக ஆக்கியிருக்கின்றன. சோப்புப் போட்டால்கூட இனி வராது.

தலையைத் துவட்டிக்கொண்டு மச்சான் உள்ளே வந்தார். நான் மோதிரத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். சதைக்கும் பொன்னுக்கும் நடுவில் மயிர் நுழைய இடமில்லை.

"பாத்தீங்களா மாப்ளே?" என்றார். "அளவு எடுக்குறதுல நான் தப்பவே மாட்டேன்."